டிசைன் சிஸ்டம் ரிலீசுக்கு எண்ணிப் பாக்கற மாதிரி கோல் வைக்கறது எப்படி

பட்டன், கலர், ஃபார்ம் மாதிரி விஷயத்தையெல்லாம் எல்லா ப்ராடக்ட் டீமும் எடுத்துப் போட்டுக்கற மாதிரி ஒரே எடத்துல செஞ்சு வைக்கறதுதான் டிசைன் சிஸ்டம், எங்க டீம் வேலையே அதுதான். போன வருஷத்து ரிலீஸ் ஷீட் ஒண்ண எதையோ தேடப் போயி தொறந்துட்டேன். கோல்னு போட்ட கட்டத்துல மூணு வரி இருந்துச்சு. ஒண்ணு, "எல்லா ப்ராடக்ட்லயும் லுக் அண்ட் ஃபீல் ஒரே மாதிரி ஆக்கறது". ரெண்டு, "டெவலப்பர் எக்ஸ்பீரியன்ஸ இம்ப்ரூவ் பண்றது". மூணு, "12 புது காம்போனன்ட்", அதாவது பட்டன், மெனு மாதிரி ரெடிமேட் ஸ்க்ரீன் துண்டு. மூணையும் எழுதுனது நான்தான். மொதல் ரெண்டும் நடந்துச்சா இல்லையான்னு இன்னிக்கு வரைக்கும் யாராலயும் சொல்ல முடியாது. மூணாவது நடந்துச்சு, பன்னெண்டும் போச்சு, ரிலீஸ் அன்னிக்கு சாயந்தரம் சமோசா டீ எல்லாம் வாங்கி சாப்ட்டோம், அப்பறம் ரெண்டு மாசம் கழிச்சு ஒரு ப்ராடக்ட் ரெப்போவ, அதாவது அவங்க கோட் இருக்கற எடத்த, தொறந்து பாத்தா அந்தப் பன்னெண்டுல ஒண்ணே ஒண்ணுதான் உள்ள வந்திருக்கு, அதுவும் லோடிங் ஸ்பின்னர்.

அதுக்கப்பறம் கோல் எழுதற விதத்தையே மாத்திக்கிட்டேன், அதத்தான் இங்க எழுதறேன். அனலிடிக்ஸுக்குன்னு தனி டீம் வெச்சு டாஷ்போர்டு ஓட்றவங்களுக்கு இது தேவைப்படாது. ரெண்டு டிசைனர், ரெண்டு டெவலப்பர், அதுல ஒருத்தர் பாதி நாள் வேற ப்ராஜெக்ட்ல, எதிர்ல ஏழெட்டு ப்ராடக்ட் டீம், கையில ஒரு கூகுள் ஷீட்டு, அவ்ளோதான் நம்ம சொத்துன்னு இருக்கறவங்களுக்கு.

கதவ சாத்திக்கிட்டு ஏத்த முடியுமா?

கோல் எழுதுனதும் அதுகிட்ட ஒரு கேள்வி கேளுங்க: இந்த நம்பர நம்ம டீம் மட்டும் கதவ சாத்திக்கிட்டு உக்காந்து ஏத்திட முடியுமா? முடியும்னா அது கோல் இல்ல, வேலைப் பட்டியல். "12 புது காம்போனன்ட்", முடியும். "எல்லா காம்போனன்ட்டுக்கும் டாக்குமென்டேஷன்", முடியும். "ஃபிக்மால எல்லாத்துக்கும் ஆட்டோ லேஅவுட்" (டிசைன் வரையற டூல்ல இடைவெளிய தானா சரிபண்ணிக்கற வசதி), தாராளமா முடியும், ஒரு லாங் வீக்கெண்ட் போதும். இதெல்லாம் வேணாம்னு சொல்லல, செஞ்சுதான் ஆகணும், ஆனா அது டூடூ லிஸ்ட்ல இருக்க வேண்டியது. கோல்ல வர வேண்டியது நம்ம ரிலீஸ் பண்ணதுக்கு அப்பறம் இன்னொருத்தர் ரெப்போல என்ன மாறுச்சு, இன்னொருத்தர் ஸ்க்ரீன்ல என்ன மாறுச்சுங்கறது. கல்யாணப் பந்தில சமையக்காரர்கிட்ட கேட்டா எத்தன அயிட்டம் போட்டோம்னு பெருமையா சொல்லுவாரு, எழுந்து போனவங்க எலையப் பாத்தாதான் எது உள்ள போச்சு எது ஓரமா ஒதுங்குச்சுன்னு தெரியும். நாம எலைய எண்ணணும்.

எந்த மாதிரி ரிலீஸ்?

எல்லா ரிலீசுக்கும் ஒரே மாதிரி கோல் வெச்சா வேலைக்கு ஆகாது. கிட்ஹப் ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டாம் பிரஸ்டன்-வெர்னர் எழுதி வெச்ச செமான்டிக் வெர்ஷனிங் முறையத்தான் இன்னிக்கு பெரும்பாலும் எல்லாரும் ஃபாலோ பண்றோம், மேஜர், மைனர், பேட்ச்னு மூணு நம்பர், அந்த மூணுமே மூணு விதமான வாக்குறுதி: பேட்ச்னா பக் திருத்தம், மைனர்னா பழச ஒடைக்காம புதுசு சேக்கறது, மேஜர்னா பழசோட ஒத்துப் போகாத மாத்தம்.

பேட்ச்ல பெருசா யோசிக்க ஒண்ணுமில்ல. எந்த பக்குக்காக போட்டீங்களோ அதப் பத்தி டிக்கெட் வர்றது நின்னுச்சா, அது போதும்.

மைனர்ல புதுசா ஒரு காம்போனன்ட் வருதுன்னு வைங்க, டேட் பிக்கர். அது வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு டீமும் சும்மாவா இருந்திருப்பாங்க, ஆளாளுக்கு ஒரு லைப்ரரி எறக்கி இல்லன்னா கையாலயே ஒண்ணு கட்டி வெச்சிருப்பாங்க. அப்போ கோல் "டேட் பிக்கர் குடுத்தோம்" இல்ல, "கைல கட்டுன டேட் பிக்கர் இன்னிக்கு எத்தன எடத்துல இருக்கு, அதுல எத்தன போகணும்"ங்கறதுதான்.

மேஜர்தான் உயிர வாங்கும். ஐபிஎம்மோட கார்பன் டிசைன் சிஸ்டம் 2022ல 11ஆவது வெர்ஷனுக்கு வந்தப்போ கலர் டோக்கன் (கலர நேரடியா எழுதாம அதுக்கு வைக்கற பொதுப் பேரு) பேரெல்லாம் மாத்துனாங்க, டெக்ஸ்ட்-01னு இருந்தது டெக்ஸ்ட்-பிரைமரி ஆச்சு, யூஐ-பேக்ரவுண்ட்னு இருந்தது வெறும் பேக்ரவுண்ட் ஆச்சு. நல்ல மாத்தம்தான், 01னா என்னன்னு யாருக்குத் தெரியும். ஆனா இந்த மாதிரி ரிலீஸ் ஒண்ணு நீங்க பண்றீங்கன்னா கோல் தானா கண்ணு முன்னாடி வந்து நிக்கும்: பழைய டோக்கன் பேரு ப்ராடக்ட் ரெப்போக்கள்ல இன்னிக்கு எத்தன தடவ இருக்கு, எந்தத் தேதிக்குள்ள எத்தனைக்கு எறங்கணும். பிரிட்டிஷ் அரசாங்கத்தோட கவ் டாட் யூகே டிசைன் சிஸ்டம் இன்னொரு மாதிரி, அவங்க 2023 டிசம்பர்ல 5ஆவது வெர்ஷன் விட்டப்போ இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 11ல அவங்க ஜாவாஸ்கிரிப்ட் ஓடறத நிறுத்திட்டாங்க. அந்த மாதிரி எதையாவது கழட்டி விடற ரிலீஸ்னா, கழட்டறதுக்கு முன்னாடி அந்த பிரவுசர்ல எத்தன பேர் வர்றாங்கன்னு ஒரு நம்பர் கையில இருக்கணும், கழட்டுன பிறகு ஃபார்ம முடிக்காம பாதில போனவங்க எண்ணிக்க கூடலைங்கறது இன்னொரு நம்பர்.

ரிலீசுக்கு முன்னாடி எண்ணி வைங்க

நெறைய பேர் கோட்டை விடற எடம் இதான், நானும் விட்டிருக்கேன். "பழைய கலர் பாதியா கொறையணும்"னு எழுதிடுவோம், எதுல பாதின்னு தெரியாது.

எங்க ரெப்போல நேரடியா எழுதி வெச்ச ஹெக்ஸ் கலர் (ஹாஷ் போட்டு, 0லேர்ந்து 9, ஏலேர்ந்து எஃப் வரைக்கும் வெச்சு எழுதற கலர்) எத்தன இருக்குன்னு எண்ணலாம்னு ஒரு நாள் மத்தியானம் உக்காந்தேன். டோக்கன் யூஸ் பண்ணாம எங்கெல்லாம் கலர கையால டைப் பண்ணியிருக்காங்கன்னு தெரிஞ்சா, டோக்கன் எவ்ளோ தூரம் போய்ச் சேந்திருக்குன்னு தெரியும்ல. மொதல்ல சாதாரண க்ரெப், அதாவது ஃபைலுக்குள்ள எழுத்த தேடற கமாண்ட், ஓட்டுனேன், வந்த நம்பரப் பாத்து நெஞ்சே அடைச்சிடுச்சு, அப்பறம்தான் உறைச்சுது, நோட்-மாட்யூல்ஸ் ஃபோல்டரையும் சேத்து எண்ணியிருக்கு, ஊர்ல இருக்கற லைப்ரரியோட கலரெல்லாம் நம்ம கணக்குல. கிட்னா கோட்ல நடக்கற மாத்தத்தையெல்லாம் பதிஞ்சு வைக்கற டூல், கிட் க்ரெப் ஓட்டுனா கிட் ட்ராக் பண்ற ஃபைல மட்டும்தான் பாக்கும், அந்தத் தொல்லை இல்ல. சரின்னு அத ஓட்டுனா எஸ்விஜி ஐகான் ஃபைல்ல இருக்கற கலரெல்லாம் வருது, டெஸ்ட் ஸ்னாப்ஷாட்ல இருக்கறதெல்லாம் வருது. அதையும் கழிச்சேன். கடைசில மிச்சம் இருந்ததுல ஒண்ணு ரொம்ப நேரம் புரியல, ஒரு மெனு ஃபைல்ல ஒரு லிங்க், ஹாஷ் போட்டு "ஆட்"னு இருக்கு. ஏ, டி, டி. மூணுமே ஹெக்ஸ் எழுத்து! கம்ப்யூட்டரப் பொறுத்தவரைக்கும் அது ஒரு கலர், பச்சையும் நீலமும் தூக்கலா ஒரு வெளிர் நிறம்.

இத ஏன் இவ்ளோ சொல்றேன்னா, நம்பர மட்டும் ஷீட்ல எழுதி வெச்சா மூணு மாசம் கழிச்சு வேற யாராவது வேற மாதிரி எண்ணுவாங்க, கொறஞ்சிருக்குன்னு சந்தோஷப்படுவாங்க, பாத்தா யாரோ ஐகான் ஃபோல்டர தனி ரெப்போவுக்கு நகத்தியிருப்பாங்க. எங்களுக்கு அப்படியே நடந்துச்சு, மேனேஜர்கிட்ட சொல்லி கைதட்டும் வாங்கியாச்சு, திருப்பி வாங்க முடியாதே. அதனால நம்பருக்குப் பக்கத்துக் கட்டத்துலயே எந்த கமாண்ட், எந்த ஃபோல்டர் சேத்தி, எது கழிச்சது, எந்தத் தேதி, எல்லாத்தையும் அப்படியே பேஸ்ட் பண்ணிடுங்க.

வெர்ஷன எண்ணும்போதும் ஒரு சூட்சுமம் இருக்கு. எந்தெந்த லைப்ரரி வேணும்னு எழுதி வைக்கற பேக்கேஜ் ஜேசன் ஃபைல்ல வெர்ஷனுக்கு முன்னாடி அந்தக் கூரை மாதிரி குறி (^) இருந்தா, அந்த மேஜருக்குள்ள எந்தப் புது மைனரும் வரலாம்னுதான் அர்த்தம், வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல. உண்மையில எது எறங்கியிருக்குங்கறது லாக் ஃபைல்லதான் இருக்கும். எந்த ரிலீசா இருந்தாலும் லாக் ஃபைலத் தொறந்து எண்ணுங்க.

ரியாக்ட்ங்கற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரில இருக்கீங்கன்னா ரியாக்ட்-ஸ்கேனர்னு ஒரு டூல் இருக்கு, எந்த காம்போனன்ட் எத்தன தடவ, எந்த ப்ராப்போட (காம்போனன்ட்டுக்குக் குடுக்கற செட்டிங்) வந்திருக்குன்னு எண்ணிக் குடுத்துடும். ஃபிக்மால பெரிய ப்ளான் இருந்தா லைப்ரரி அனலிடிக்ஸ்ல எது எத்தன தடவ இன்செர்ட் ஆச்சு, எத்தன தடவ டிடாச் ஆச்சுன்னு, அதாவது லைப்ரரிலேர்ந்து அத்து விட்டாங்கன்னு, வரும், டிடாச் ஜாஸ்தியா இருக்கற காம்போனன்ட்தான் உங்க அடுத்த வேலை.

அய்யோ ரிலீஸ் போயிடுச்சே, எண்ணவே இல்லையேன்னா பதறாதீங்க. கிட்ல ரிலீசுக்கு முந்துன நாள் கமிட்டுக்கு, அதாவது அன்னிக்கு பதிஞ்ச கோடுக்கு, போய் அதே ஸ்க்ரிப்ட ஓட்டுங்க, பேஸ்லைன், அதாவது ஆரம்ப நம்பர், கெடைச்சுடும். கோட் விஷயத்துல மட்டும்தான் இந்த சௌகரியம், ஸ்லாக்ல எத்தன பேரு டவுட் கேட்டாங்கங்கறதையெல்லாம் பின்னாடி போய் எண்ண உக்காந்தா ஒரு நாள் போயிடும்.

ஒரே வாக்கியத்துல எழுதுங்க

எது, எங்க, இன்னிக்கு எத்தன, எத்தனைக்குப் போகணும், எந்தத் தேதிக்குள்ள, எப்படி எண்ணப் போறோம். இது ஆறும் ஒரு வாக்கியத்துல இருந்தா அது கோல். ஓகேஆர் (அப்ஜெக்டிவ்ஸ் அண்ட் கீ ரிசல்ட்ஸ்), ஸ்மார்ட்னு கோல் எழுதறதுக்குன்னே பேரு வெச்ச முறையெல்லாம் இருக்கு, ஓகேஆர் இன்டெல்ல ஆண்டி குரோவ் கொண்டு வந்தது, முதலீட்டாளர் ஜான் டோர் மூலமா 1999ல கூகுளுக்குப் போச்சு, ஸ்மார்ட் 1981ல ஜார்ஜ் டோரன் எழுதுனது. உங்க ஆபீஸ்ல அந்த டெம்ப்ளேட்லதான் போடணும்னா போடுங்க, தப்பில்ல. எனக்கு என்னமோ டெம்ப்ளேட் நெரப்பறதுலயே தெம்பு போயிடுது.

ஒரு கற்பனைக் கணக்கு போடுவோம். 8 ப்ராடக்ட், 5ஆவது மேஜர் வெர்ஷன் வருது, டோக்கன் பேரெல்லாம் மாறுது, பழைய பேரு எட்டு ரெப்போலயும் சேத்து 640 எடத்துல இருக்கு. மொதல்ல மனசுல வர்றது இப்படி இருக்கும்: "வி5 அடாப்ஷன அதிகப்படுத்தறது" (அடாப்ஷன்னா எத்தன பேர் எடுத்துக்கிட்டாங்கங்கறது). கொஞ்சம் உஷாரான ஆளு எழுதுனா: "80 சதவீத அடாப்ஷன்". நான் எழுதச் சொல்றது: "நவம்பர் 30க்குள்ள 8 ப்ராடக்ட்ல 6, லாக் ஃபைல் கணக்குப்படி 5ஆவது வெர்ஷன்ல இருக்கணும், இன்னிக்கு 0, பழைய டோக்கன் பேரு எட்டு ரெப்போலயும் சேத்து 640லேர்ந்து 150க்குக் கீழ எறங்கணும், எண்ற கமாண்ட் ரெண்டாவது டேப்ல."

சதவீதம் ஏன் வேணாம்னா, எட்டு ப்ராடக்ட்ல 80 சதவீதம்னா 6.4 ப்ராடக்ட். அந்தப் புள்ளி நாலு ப்ராடக்ட் எதுன்னு எனக்குக் காட்டுங்க. சின்ன எண்ணிக்கைல சதவீதம் போட்டா கேக்க கம்பீரமா இருக்கும், அவ்ளோதான். எட்டுல ஆறுன்னு சொன்னா மிச்ச ரெண்டு யாருன்னு அடுத்த நொடியே கேள்வி வரும், அந்தக் கேள்வி வரணும்.

சரி ஆறுங்கற நம்பர் எங்கேர்ந்து வந்துச்சு? வானத்துலேர்ந்து இல்ல. ஒவ்வொரு டீம் லீடுக்கும் போன் பண்ணி "இந்தக் குவார்ட்டர்ல மாத்த முடியுமா, உங்க பிளான்ல எடம் இருக்கா"ன்னு கேட்டு, சரின்னு சொன்னவங்க எத்தன பேரோ அதான் டார்கெட். ஒரு ப்ராடக்ட் அடுத்த வருஷம் மூடப் போறாங்க, அத மாத்தச் சொல்றது பாவம். இன்னொண்ணுல ஆடிட் நடக்குது, கோட் ஃப்ரீஸ். ஆக ஆறு. இந்த போன் பண்ற வேலைய ஸ்கிப் பண்ணிட்டு எட்டுக்கு எட்டுன்னு ஷீட்ல எழுதறது ரொம்ப ஈசி, அப்பறம் குவார்ட்டர் முடியறப்போ எல்லாரும் சேந்து மொகத்தத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காரறதும் ஈசி.

வாய மூடிக்கிட்டு எண்ற ஒரு நம்பர்

மேஜர் ரிலீசுக்கு நான் எப்பவும் வைக்கற இன்னொரு கோல், அப்கிரேட் பண்ண எவ்ளோ நேரம் ஆகுது, எத்தன கேள்வி வருது. ரிலீசுக்கு முன்னாடி பீட்டாவ வேற டீம் டெவலப்பர் ஒருத்தர்கிட்ட குடுத்து, என்னென்ன மாறுச்சுன்னு எழுதி வைக்கற சேஞ்ச்லாக்கோட லிங்க் மட்டும் குடுத்து, பக்கத்துல உக்காந்துக்கணும். பேசக் கூடாது. கேள்வி கேட்டா பதில் சொல்லாம குறிச்சுக்கணும். கேக்கறதுக்கு சாதாரணமா இருக்குல்ல, உக்காந்து பாருங்க தெரியும்.

ஒரு தடவ ஒரு பையன், ரொம்ப சுறுசுறுப்பான ஆளு, ஆரம்பிச்ச பத்தாவது நிமிஷம் "அக்கா, பட்டன்ல டைப்னு ஒரு ப்ராப் இருந்துச்சே, அது எங்க போச்சு?"ன்னு கேட்டான். அது வேரியன்ட்னு பேரு மாறியிருக்கு, எனக்குத் தெரியும், நாக்கு நுனி வரைக்கும் வந்துடுச்சு. சொல்லல. அவன் சேஞ்ச்லாக்ல பட்டன்னு தேடுனான், மேல இருக்கற "புதுசு" பகுதிலயே சுத்திக்கிட்டு இருந்தான், அங்க இல்ல, அப்பறம் நேரா எங்க சோர்ஸ் கோடையே தொறந்து படிச்சு கண்டுபுடிச்சான். சேஞ்ச்லாக்ல அந்த வரி இருக்கத்தான் இருந்துச்சு, கீழ "மற்ற மாற்றங்கள்"ங்கற தலைப்புக்கு அடில, ஐகான் சைஸ் மாத்துன வரிக்கும் டைப்போ திருத்துன வரிக்கும் நடுவுல. வெச்சது நான்தான். அன்னிக்கு அவன் கேட்ட கேள்விய எல்லாம் நோட்ல எழுதி வெச்சுக்கிட்டு ஒவ்வொண்ணுக்கும் ஒண்ணு சேஞ்ச்லாக்ல மேல ஏத்துனோம், இல்லன்னா கோட்மாட் எழுதுனோம். கோட்மாட்னா ஜேஎஸ்கோட்ஷிஃப்ட் மாதிரி டூல வெச்சு ப்ராப் பேர தானா மாத்தற ஸ்க்ரிப்ட், டைப்ப வேரியன்ட் ஆக்கறதெல்லாம் மனுஷன் கையால பண்ற வேலையே இல்ல.

இதுக்கு கோல் எப்படி எழுதறதுன்னா: "டிசைன் சிஸ்டம் டீம்ல இல்லாத ஒரு டெவலப்பர், சேஞ்ச்லாக்க மட்டும் வெச்சு, ஒரு நடுத்தர ப்ராடக்ட்ட அரை நாளுக்குள்ள அப்கிரேட் பண்ணணும், நம்மகிட்ட கேக்கற கேள்வி ரெண்டத் தாண்டக் கூடாது." ஒரே ஒரு ஆள வெச்சுப் பாக்கறது ஆராய்ச்சி ஆகாதுன்னு சிலர் சொல்லுவாங்க. ஆகாதுதான். ஆனா அந்த ஒரு ஆளு கூட இல்லாமதான் நெறைய மேஜர் ரிலீஸ் வெளிய போகுது.

நம்பர் ஏற்கெனவே எழுதி வெச்சிருக்கற எடம்

அக்செசிபிலிட்டில, அதாவது மாற்றுத்திறனாளிகளும் யூஸ் பண்ற மாதிரி செய்யறதுல, ஒரு சௌகரியம், அளவ நாம யோசிக்க வேண்டாம், அதுக்குன்னு இருக்கற டபிள்யூசிஏஜிங்கற உலகப் பொது விதித் தொகுப்பு எழுதி வெச்சிருக்கு. ஏஏ லெவல்ல சாதாரண எழுத்துக்கு கான்ட்ராஸ்ட் 4.5க்கு 1, பெரிய எழுத்துக்கு 3க்கு 1. இதுல ரவுண்ட் ஆஃப் கெடையாது, 4.49 வந்தாலும் ஃபெயில்தான். வெள்ளை பேக்ரவுண்ட்ல #777777 போட்டீங்கன்னா 4.48 வரும், ஃபெயில். #767676 போட்டா 4.54, பாஸ். ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சு வித்தியாசம் சொல்லுங்கன்னா எந்த டிசைனராலயும் சொல்ல முடியாது, ஆனா ஒண்ணு உள்ள, ஒண்ணு வெளிய. பிளேஸ்ஹோல்டருக்கு ஆசையா போடற #999999 எல்லாம் 2.85, அத வெச்சுக்கிட்டு வாதாடாதீங்க. 2023 அக்டோபர்ல வந்த 2.2 வெர்ஷன்ல தொடற எடம் கொறஞ்சது 24க்கு 24 பிக்சல் இருக்கணும்னும் சேத்திருக்காங்க, சுத்தி இடைவெளி போதுமான அளவு இருந்தா சில விதிவிலக்கு உண்டு.

அதனால "அக்செசிபிலிட்டி மேம்பாடு"ன்னு எழுதாம, "எழுத்து-பேக்ரவுண்ட் டோக்கன் ஜோடி எத்தன இருக்கோ அத்தனையும் 4.5 தாண்டணும், இப்ப தாண்டாதது எத்தன"ன்னு எழுதலாம். ஸ்டோரிபுக்ல (காம்போனன்ட்ட தனித்தனியா காட்டற டூல்) ஆக்ஸ்ங்கற தானா செக் பண்ற டூல ஓட்டி எத்தன எரர்னு ஒரு நம்பர் எடுக்கலாம், அது 0க்கு வரணும்னும் வைக்கலாம். ஆனா ஆக்ஸ் 0 காட்டுச்சுன்னா எல்லாம் சரின்னு நெனச்சுக்காதீங்க, டேப் கீய அமுக்கி அமுக்கி போனா மோடல் (ஸ்க்ரீனுக்கு மேல எழும்பி வர்ற பெட்டி) உள்ளயே மாட்டிக்கிட்டு வெளிய வர முடியலங்கறதையெல்லாம் எந்த மெஷினும் ஒழுங்கா சொல்லாது. பத்து முக்கியமான காம்போனன்ட்ட மவுஸ் இல்லாம கீபோர்டாலயே ஓட்டிப் பாத்து, பத்துக்கு எத்தன முடிஞ்சுதுன்னு கையால எழுதற கட்டம் ஒண்ணு ஷீட்ல இருக்கட்டும்.

உங்க ஆப் தமிழ்லயும் வருதுன்னா இன்னொண்ணும் சேத்துக்கோங்க. இங்கிலீஷ்ல சப்மிட்ங்கறது ஆறு எழுத்துல முடிஞ்சிடும், தமிழ்ல "சமர்ப்பிக்கவும்". லாகின்ங்கறது "உள்நுழையவும்". பட்டன் அகலத்த ஃபிக்ஸ் பண்ணி வெச்சிருந்தா ரெண்டாவது வரிக்குப் போகும் இல்ல மூணு புள்ளி விழும், லைன் ஹைட் 1னு இறுக்கிக் கட்டியிருந்தா கொக்கி, சுழி, சுழிச்ச ஊகாரம் எல்லாம் மேலயும் கீழயும் வெட்டுப்படும். ஸ்டோரிபுக்ல ஒவ்வொரு காம்போனன்ட்டுக்கும் தமிழ் லேபிளோட ஒரு ஸ்டோரி போட்டு, வெட்டுப்படறது எத்தனன்னு எண்ணி, அத 0 ஆக்கறது நல்ல மைனர் ரிலீஸ் கோல்.

காவலுக்கு ஒண்ணு

நம்பர் ஒண்ண டார்கெட்டா வெச்ச ஒடனே அந்த நம்பரோட மதிப்பு கெட ஆரம்பிச்சிடும்னு 1975லயே சார்லஸ் குட்ஹார்ட்ங்கற பிரிட்டிஷ் பொருளாதாரக்காரர் பணக் கொள்கையப் பத்தி எழுதும்போது சொன்னாரு, நம்ம ஊரு பட்டனுக்கும் அது பொருந்துது. அடாப்ஷன் எண்ணுனா என்ன ஆகும்? நம்ம பட்டன இம்போர்ட் பண்ணுவாங்க, அதுக்கு மேல நாப்பது வரி சிஎஸ்எஸ் எழுதி கலரு, ஓரம், எழுத்து எல்லாத்தையும் பழைய மாதிரியே ஆக்கிடுவாங்க. கணக்குல அது நம்ம பட்டன். ஸ்க்ரீன்ல அது யாரோட பட்டனோ.

அதனால ஏத்தப் போற நம்பர் ரெண்டு வெச்சா, கெடக் கூடாத நம்பர் ஒண்ணும் வைங்க. மொத்தம் மூணு, அதுக்கு மேல வேணாம், அஞ்சாறு வெச்சா எதையும் பாக்க மாட்டீங்க. காவல் நம்பரா ஓவர்ரைடு, அதாவது இப்படி மேல எழுதி மாத்துன எடம், எண்ணிக்க வைக்கலாம். பண்டில் சைஸ், அதாவது யூசருக்கு எறங்கற கோடோட அளவு, வைக்கலாம், முக்கியமா மேஜர் ரிலீஸ்ல, ஏன்னா பாதி ஸ்க்ரீன் புதுசுலயும் பாதி பழசுலயும் இருக்கறப்போ ரெண்டு வெர்ஷனும் சேந்து யூசர் போன்ல எறங்கும், பஸ்ஸுல போயிக்கிட்டே சிக்னல் போய்ப் போய் வர்ற எடத்துல ஆப்ப தொறக்கறவங்க அதுக்கு விலை குடுப்பாங்க. சைஸ்-லிமிட் மாதிரி ஒண்ண சிஐல (கோட் சேக்கும்போது தானா ஓடற செக்) போட்டுட்டா எல்லை தாண்டுனா அதுவே பிஆர (கோட் சேக்கக் கேக்கற ரெக்வெஸ்ட்ட) நிறுத்திடும், நாம போலீஸ் வேலை பாக்க வேண்டாம்.

எப்போ போய்ப் பாக்கறது

ரிலீஸ் அன்னிக்குப் பாக்காதீங்க, அன்னிக்கு எல்லாம் 0. ப்ராடக்ட் டீமுக்கு வேலைச் சுத்து ரெண்டு வாரம், அத ஸ்ப்ரின்ட்னு சொல்லுவாங்க, இன்னிக்கு நீங்க விட்டது அவங்க பிளானிங்ல ஏறவே அடுத்த ஸ்ப்ரின்ட் ஆகும். நான் ரெண்டாவது வாரம், ஆறாவது வாரம், பன்னெண்டாவது வாரம்னு மூணு தேதிய காலண்டர்ல போட்டு, யார் எண்ணப் போறாங்கன்னு பேரும் போட்டுடுவேன். பேரு போடலன்னா யாரும் எண்ண மாட்டாங்க, இது அனுபவம். ரெண்டாவது வாரம் பாக்கறது நம்பருக்காக இல்ல, யாராவது மொத ஆளா முயற்சி பண்ணி முட்டிக்கிட்டு நிக்கறாங்களான்னு பாக்க.

தேதி வந்துச்சு, ஆறுக்கு நாலுதான் ஆச்சுன்னா, டார்கெட்ட சைலன்ட்டா நாலுன்னு மாத்திடாதீங்க. ஷீட்டோட வெர்ஷன் ஹிஸ்டரில அது நிக்கும், என்னிக்காவது ஒருத்தர் பாப்பாங்க. நாலுன்னே எழுதி, பக்கத்துல வராத ரெண்டுக்கும் காரணம் ஒரு வரி எழுதுங்க. அந்தக் காரணத்த நம்ம சீட்ல உக்காந்துக்கிட்டு "பேண்ட்விட்த் இல்லையாம்"னு எழுதக் கூடாது, நேர்ல போய் கேக்கணும்.

எங்களுக்கு அப்படி ஒரு டீம் கடைசி வரைக்கும் வரல. மூணு தடவ மெசேஜ் போட்டேன், "அடுத்த ஸ்ப்ரின்ட்ல பாக்கறோங்க"ன்னு மூணு தடவயும் அதே பதில். ஒரு நாள் லஞ்சுக்கு அப்பறம் அவங்க சீட்டுக்கே போய் நின்னேன். அந்த டீம் லீடு எதுவும் பேசாம போன எடுத்து டேட் பிக்கரத் தொறந்து தமிழுக்கு மாத்தி காட்டுனாரு. மே, ஜூன் வரைக்கும் நல்லா இருக்கு. ஆகஸ்ட் தாண்டி தள்ளுனா "செப்டம்பர்"ல கடைசி எழுத்து அடுத்த வரிக்கு எறங்கி, வருஷம் அம்புக்குறிக்கு அடில போய் ஒளிஞ்சுக்குது, அடுத்த மாசத்துக்குப் போக அந்த அம்புக்குறிய அமுக்கவே முடியல. "இத டிக்கெட்டா போட்டிருக்கலாமேண்ணா"ன்னு கேட்டேன். "போட்டேம்மா, உங்க ஃபார்ம்ல எந்த கேட்டகரின்னு கேக்குது, லாங்வேஜ்னு ஒண்ணு இல்ல, அதர்ஸ்ல போட்டேன்"ன்னாரு. போய்ப் பாத்தா இருக்கு, யாரும் தொறக்காம.

அடுத்த ரிலீஸ் ஷீட்ல மொதல் வரி இப்படிப் போட்டோம்: "ஜனவரி 31க்குள்ள, டேட் பிக்கர்ல 12 மாசப் பேரும் தமிழ்ல, 360 பிக்சல் அகல ஸ்க்ரீன்ல, ஒரே வரில நிக்கணும், இன்னிக்கு 9, எண்றது கையால, அவங்க டீம் போன்ல." ரெண்டாவது வரி: "அதர்ஸ் கேட்டகரில ரெண்டு வாரத்துக்கு மேல தொறக்காம கெடக்கற டிக்கெட் 0."